நிற்கிற கதவே வீடு

முன்னொரு காலத்தில், ஐப்பசி வந்தால் ஆறும் கரையும் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு நாட்டில், விசயமார்த்தாண்டர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். குடி கிடையாது, கொடுமை கிடையாது. ஓலை எழுதுவதில் மட்டும் ஆசை கொஞ்சம் அதிகம். எழுதினால் தப்பில்லை. ஆனால் முத்திரை வைத்த மறுகணமே எழுதியதை அவரே நம்பிவிடுவார். நெல் அமோக விளைச்சல் என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு பட்டினி என்று எவன் வந்து சொன்னாலும் அவன்தான் பொய்யன்.

அண்டை நாட்டில் பெண்ணெடுக்கச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம், அந்த நாட்டு அரசருக்கு அப்படி ஓர் ஓலை எழுதினார். "எமது தலைநகரில் வீடில்லாதவர் ஒருவருமில்லை. ஐயமிருப்பின் தங்கள் தூதர் நேரில் வந்து காணலாம்" என்று முடித்தார். ஓலையோடு குதிரை கோட்டையைத் தாண்டிய பிறகுதான் அதைச் சபையில் வாசித்துக் காட்டினார்.

சபை "ஆகா" என்றது. ஓரத்தில் ஒருவன் மட்டும் இருமினான். அவன்தான் அரண்மனை விகடகவி உத்தண்டி. சிரிப்பை அடக்கப் போய் வந்த இருமல் அது. பேசாமல் சிரித்தே தொலைத்திருக்கலாம். விகடகவி சிரித்தால் தொழில் என்று விட்டுவிடுவார்கள், இருமினால்தான் சந்தேகம் வரும்.

"ஏன் இருமினாய், உத்தண்டி?" என்றார் ராஜா.

"தூசி, மகாராஜா."

"எங்கிருந்து வந்த தூசி?"

உத்தண்டியின் வாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ராஜா இரண்டாம் முறை கேட்டால் அது உண்மையைச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு அது பாட்டுக்கு மூடிக்கொள்ளும். அப்புறம் அவஸ்தைப்படுவது வயிறு.

"கீழ்க்கரைப் பொட்டலிலிருந்து, மகாராஜா. போன ஐப்பசி வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்கள் ஒரு வருஷமாக அங்கே வெட்டவெளியில் கிடக்கின்றன."

ராஜாவின் முகம் கறுத்தது. இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் பிரதானி அனந்தப்பர். அவருக்கும் உத்தண்டிக்கும் ஏழாம் பொருத்தம். பிரதானி பேசினால் ராஜா தலையாட்டுவார், உத்தண்டி பேசினால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு எதிரே தலையாட்டல் எம்மாத்திரம் என்பது பிரதானிக்குத் தெரியும்.

"மன்னர் திருவாக்கு பொய்யாகலாகாது" என்றார் அனந்தப்பர். "தூதர் வந்து சேர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் அம்மக்களை வண்டிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் இறக்கிவிடலாம். பிறகு நகரில் வீடில்லாதவர் ஏது?"

 உத்தண்டியின் வாய் மறுபடியும் சும்மா இருக்கவில்லை. "மகாராஜா, வீடில்லாதவர் இல்லை என்றுதானே எழுதினீர்கள்? அதற்காக ஆளை இல்லாமல் செய்வானேன்? வீட்டை இருக்கச் செய்தால் போதாதா?"

"அருமையான யோசனை" என்று புன்னகைத்தார் பிரதானி. "உத்தண்டியே செய்யட்டும். ஆனால் இவ்வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டபடியால் பொக்கிஷத்தில் ஒரு காசு கேட்கலாகாது. அரசுச் சூளையில் ஒரு செங்கல், அரசுக் காட்டில் ஒரு கழி, ஏரியில் ஒரு கூடை மண், ஒன்றும் தொடலாகாது. பதினான்காம் நாள் கணக்கர் சென்று வீடுகளை எண்ணட்டும். ஒன்று குறைந்தாலும் வண்டிகள் புறப்படும். முதல் வண்டியில் உத்தண்டியும் ஏறிக்கொள்ளட்டும்."

"அப்படியே ஆகுக" என்றார் ராஜா.

அதைச் சொல்ல ராஜாக்களுக்கு ஒரு மூச்சு போதும். ஆக்குகிறவனுக்குத்தான் பதினான்கு நாளும் மூச்சு முட்டும்.

ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றாரே பிரதானி, அது முடிந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் சித்திரை முதல் நாள் ராஜா கொலுவில் அமர்ந்து, இன்ன ஏரிக்கு இவ்வளவு, இன்ன யானைக்கு இவ்வளவு என்று வருஷத்துச் செலவை வாசிப்பார். அந்த வருஷம் 'வீடிழந்தோர்க்கு வீடு கட்ட ஆயிரம் பொன்' என்று வாசித்தார். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். பொன்னும் நிஜமாகவே பொக்கிஷத்தை விட்டுப் புறப்பட்டது. அதை ஊர்ச்சபைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சபைக்கு எவ்வளவு? ஊரில் எத்தனை வீடோ அதற்குத் தக்கபடி. வீட்டை எப்படி எண்ணுவது? கதவை எண்ணித்தான். கணக்கர் கையில் பிரம்போடு தெருவில் நடப்பார். ஒவ்வொரு கதவையும் ஒரு தட்டுத் தட்டி, கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்து அதுதான் முறை.

மேலத்தெருவில் ஒவ்வொரு மாளிகைக்கும் முன்கதவு, பின்கதவு, தொழுவக் கதவு என்று முடிச்சு விழுந்துகொண்டே போயிற்று. கீழ்க்கரையில் கணக்கர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தும் தட்டுவதற்கு நிற்கிற கதவு ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளம் போன ஊரில் கதவு எங்கே நிற்கும்? 'வீடு இல்லை, ஆகவே பங்கு இல்லை' என்று எழுதிவிட்டார். வீடிழந்தோர்க்கான பொன்னில் மேலத்தெருவார் ஊஞ்சல் மண்டபம் கட்டிக்கொண்டார்கள்.

வீடு இல்லை என்பதால்தானே கேட்கிறோம் என்று கீழ்க்கரைச் சபையார் ஒன்பது ஓலை எழுதினார்கள். கதவில்லாத ஊருக்குப் பங்கில்லை என்று ஒன்பது பதில் வந்தது. சரி, நாமே ஓலைக்குடிசை போட்டுக்கொள்வோம் என்றால் சேவகர்கள் வந்து பிய்த்தெறிந்தார்கள். கணக்கில் ஏறாத வீட்டைக் கட்டக்கூடாதாம். கட்டாத வீடு கணக்கில் ஏறாதாம். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவன் நிச்சயம் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதியிருப்பான்.

உத்தண்டி மறுநாள் காலை கீழ்க்கரைப் பொட்டலுக்குப் போனான். வெறும் தரையில் கிடப்பார்கள் என்று நினைத்துப் போனவன் திகைத்து நின்றான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கதவின்மேல் உட்கார்ந்திருந்தது. வாசற்காலோடு பெயர்த்தெடுத்த கனத்த மரக்கதவுகள். அதன்மேல்தான் சமையல் பானை, அதன்மேல்தான் படுக்கை, அதன்மேல்தான் கைப்பிள்ளைக்குத் தாலாட்டு.

பரிசல் ஓட்டும் செங்கமலம் தன் கதவில் ஒதுங்கி அவனுக்கு இடம் கொடுத்தாள். வெள்ளத்தில் பாதிக் கதவுகளைக் கரை சேர்த்தவள் அவள்தான்.

"சுவரு மண்ணு, கரைஞ்சா மறுபடி எழுப்பிக்கலாம். வாசக்கால் அப்படியா? மஞ்ச குங்குமம் வச்சு, பூசை போட்டு நிறுத்துனது. அதை ஆத்துல விட்டா குடும்பமே வாசலில்லாமப் போயிடும்னு, தண்ணி ஏறுறதுக்குள்ள எல்லாரும் பேத்து எடுத்தோம்" என்றாள்.

"இவ்வளவு கதவு இருக்கிறதே, கணக்கரிடம் காட்டக்கூடாதா?"

"காட்டாம இருப்பமா? பிரம்பால ஒரு தட்டுகூடத் தட்டல. 'கெடக்கிற கதவு கட்டிலு, நிக்கிற கதவுதான் வீடு'ன்னுட்டுப் போயிட்டாரு."

உத்தண்டி எழுந்து நின்றான். "இன்னொரு தடவை சொல்லு, ஆத்தா."

சொன்னாள். அவன் விறுவிறுவென்று அரண்மனைச் சுவடிக் கூடத்துக்கு ஓடி, பாட்டனார் காலத்து ஏட்டைப் புரட்டினான். 'வாசற்காலோடு நிற்பதும், திறந்து மூடுவதும், முன்னே கோலமிட்டதுமான கதவு ஒரு வீடாகும்' என்றிருந்தது. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவரில்லாமல் ஒரு கதவு நிற்கும் என்று அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்?

திரும்பி வந்து, கதவுகளை எல்லாம் நிமிர்த்தி நட வேண்டும் என்றான். பொட்டலில் யாரும் சந்தோஷப்படவில்லை.

"நட்டுட்டா எதுமேல படுக்கிறது சாமி?" என்றாள் செங்கமலம். "கீழ ஈரம். பிள்ளைங்களுக்கு இப்பவே இருமல்."

உத்தண்டி திரும்பி நடந்தான். வீட்டுக்குப் போய்த் தன் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். நூற்று நாற்பத்து மூன்று குடும்பத்துக்கு ஒரு கட்டில். அதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பாவம் என்று குழி தோண்ட ஆரம்பித்தார்கள். கட்டிலில் இருமுகிற பிள்ளைகள் முறைவைத்துப் படுத்தார்கள்.

ஆறு நாளில் பொட்டலில் தெருத்தெருவாகக் கதவுகள் எழும்பி நின்றன. சுவரில்லை, கூரையில்லை. ஒவ்வொன்றின் முன்னும் கோலம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஜனங்கள் ஒழுங்காகக் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள், மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். சுற்றிக்கொண்டு போன ஒரே ஜீவன் பக்கத்து வயல் எருமை.

உத்தண்டிக்கோ சோறு இறங்கவில்லை. வீடென்று கணக்கில் ஏறிவிட்டால் வண்டி வராது. சரி, அப்புறம்? கணக்கில் வீடும் தலைக்கு மேல் வானமுமாக இந்த ஜனங்கள் காலம் முழுக்க இருந்துவிட்டால்? இருக்கிற வீட்டுக்கு எதற்குப் பொன் என்று பிரதானி கேட்பாரே! இல்லாததை இருக்கிறதென்று எழுத வைத்தால் மட்டும் போதாது, அது இல்லை என்பது ராஜாவின் உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு ராஜா இங்கே வர வேண்டும், வந்த நேரத்தில் மழையும் வேண்டும். பொட்டலே மழை வராதிருக்கக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மழை வரக் கும்பிட்டான். இருமுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தக் கும்பிடு அவனுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கும்பிட்டான்.

பதினான்காம் நாள் காலை கணக்கர் வந்தார். முதல் கதவைப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், முன்னால் வந்து பார்த்தார். ஏட்டில் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை என்று உத்தண்டி பணிவாக நினைவூட்டினான். கணக்கர் தட்டினார். முடிச்சுப் போட்டார். நூற்று நாற்பத்து மூன்று முடிச்சு விழுந்த கயிற்றோடு பிரதானியிடம் ஓட, உத்தண்டியும் பின்னாலேயே ஓடினான்.

விஷயத்தைக் கேட்ட அனந்தப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். 'வகையாக மாட்டினான். இவன் பித்தலாட்டத்தை ஓலையிலேயே ஏற்றி, மன்னரை நேரில் அழைத்துப்போய்க் காட்டுகிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். 'கீழ்க்கரையில் வீடு நூற்று நாற்பத்து மூன்று' என்று எழுதச் சொல்லி, தாமே முத்திரை வைத்தார். வாசலில் நின்ற உத்தண்டிக்கு அப்போதுதான் பாதி உயிர் வந்தது. வானத்தைப் பார்த்தான், வந்த உயிரும் போய்விட்டது. பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுதில் ராஜாவின் பல்லக்கு பொட்டலில் இறங்கியது. மேற்கே ஒரு கைக்குட்டை அகலத்துக்கு மேகம், அவ்வளவுதான். வெறும் கதவுகளின் வரிசையைப் பார்த்த ராஜாவின் மீசை துடித்தது.

"இதென்ன விளையாட்டு?"

"இவற்றைத்தான் வீடுகள் என்று உத்தண்டி கணக்கில் ஏற்றியிருக்கிறான், மகாராஜா. வண்டிகள் தயாராக நிற்கின்றன" என்று ஓலையை நீட்டினார் பிரதானி.

வண்டி மாடுகளின் மணிச் சத்தம் கேட்டது. கதவுகளுக்குப் பின்னால் நின்ற ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.  வழக்கமாக இந்த இடத்தில் உத்தண்டிக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். அன்று வரவில்லை. நேரத்தை இழுத்தால் போதும் என்று மட்டும் தோன்றியது.

"மகாராஜா, வாசலில் நின்றபடி ஒருவர் வீட்டைக் குறை சொல்வது நம் மரபல்ல. கதவைத் தட்டுங்கள். அழைத்தால் உள்ளே செல்லுங்கள். பிறகு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன்."

மரபென்றால் ராஜா மறுக்கமாட்டார். முதல் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. செங்கமலம் கதவைத் திறந்து கும்பிட்டாள்.

"வாங்க மகராசா. செருப்ப வாசல்ல விட்டுட்டு, தலை இடிச்சிக்காம வாங்க."

ராஜா செருப்பைக் கழற்றினார். கிரீடத்தைப் பிடித்தபடி குனிந்து, வாசற்காலைத் தாண்டி, ஈர மண்ணில் கால் வைத்தார். உத்தண்டியின் கட்டிலில் அவரை உட்காரவைத்து, மொந்தையில் மோர் கொடுத்தாள். அவர் குடித்தார். வெயில் காய்ந்தது. இன்னும் ஒரு மொந்தை கொடுத்தாள். அதையும் குடித்தார். உத்தண்டிக்கு மேலே பார்க்கப் பயமாக இருந்தது. ராஜா எழுந்துவிட்டார்.

"மோர் நன்றாயிருந்தது. ஆனால் இது வீடல்ல. உத்தண்டி, நீ வண்டியில்…"

அவர் கையிலிருந்த மொந்தையில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மூக்கில் ஒன்று. அப்புறம் சொட்டை எண்ண முடியவில்லை. ஐப்பசி மழை சொல்லிக்கொண்டா வரும்?

குடைக்காரன் வெண்கொற்றக் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். உத்தண்டி வாசலை மறித்துக்கொண்டான். "ஐயையோ, வீட்டுக்குள் குடை விரிக்கலாகாதப்பா. குடும்பத்துக்கு ஆகாது."

"சரி, நாம் புறப்படுகிறோம்" என்று ராஜா கதவுப்பக்கம் திரும்பினார்.

செங்கமலம் பதறிப்போனாள். அது அவள் சொந்தப் பதற்றம், யாரும் சொல்லித் தந்ததல்ல. "மழையில விருந்தாளிய வெளிய அனுப்புற வழக்கம் எங்க சனத்துல கிடையாது மகராசா. விட்டதும் போகலாம். உள்ளயே உக்காருங்க."

வெளியே மழை பெய்ததால் ராஜா உள்ளே உட்கார்ந்தார். உள்ளேயும் அதே மழை பெய்தது. கிரீடத்திலிருந்து தண்ணீர் ஒழுகி மீசை வழியாக இறங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் அனந்தப்பர் குடைக்குக் கீழே சொட்டு நனையாமல் நின்றார்.

"பிரதானி" என்றார் ராஜா மெதுவாக. "இது வீடா, இல்லையா?"

இப்போது அனந்தப்பர் மாட்டிக்கொண்டார். வீடு என்றால் ராஜாவுக்குக் குடை கிடையாது. வீடில்லை என்றால் காலையில் வைத்த முத்திரை பொய், ராஜா அனுப்பிய ஓலையும் பொய்.

"கணக்குப்படி… வீடுதான், மகாராஜா."

"அப்படியானால் கணக்குப்படி நாம் நனையவில்லை?"

பிரதானி குனிந்துகொண்டார். ராஜா செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமாக இப்படித்தானா?"

"இல்லீங்க மகராசா" என்றாள் அவள். "முன்னே கதவைப் படுக்கப் போட்டிருந்தோம். கொஞ்சம் சௌகரியமா இருந்துச்சு. கணக்குல வீடுன்னு ஏறணுமேன்னுதான் எழுப்பி நிறுத்துனோம்."

 இடி இடித்தது. உத்தண்டி கண்ணை மூடிக்கொண்டான். முதல் வண்டியில் எந்த ஓரத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது என்றுகூட யோசித்துவிட்டான். அப்போது ராஜா ஒரு தும்மல் தும்மினார். அந்தத் தும்மல் கிரீடத்தைத் தள்ளியது. அது சகதியில் உருண்டுபோய், கதவைச் சுற்றிக்கொண்டு வந்த எருமையின் காலடியில் நின்றது. எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போயிற்று. ராஜா சிரித்தார். அடக்க முடியாமல் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசியில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழையில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம், உத்தண்டிக்குத் தெரிந்தது.

"கேளுங்கள்" என்றார். "இனி வீட்டுப் பொன்னைக் கதவை எண்ணிக் கொடுக்கலாகாது, நனைகிற தலையை எண்ணிக் கொடுக்க வேண்டும். கீழ்க்கரைச் சபையின் கையில் நாளைக் காலையே நேரடியாகக் கொடுங்கள். சூளையும் காடும் ஏரியும் திறந்திருக்கட்டும். அந்த வண்டிகளில் செங்கல் வரட்டும். அனந்தப்பரே, கடைசிக் கூரை ஏறும்வரை உமக்கும் கணக்கருக்கும் இங்கே ஒரு வீடு தருகிறோம். நல்ல கதவாகப் பார்த்து எடுத்துக்கொள்ளும்."

"தூதருக்கு என்ன சொல்வது, மகாராஜா?" என்று முனகினார் பிரதானி.

"எழுதியதை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நானே சொல்கிறேன். அவரும் ஒரு கல் எடுத்துக் கொடுக்கட்டும்."

பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"நூற்று நாற்பத்திரண்டு கட்டில், மகாராஜா. வீடு எழும்பும்வரை இவர்கள் படுக்க. ஒன்று ஏற்கெனவே என்னுடையது."

ராஜா மறுபடி சிரித்துத் தலையாட்டினார். மழை விட்டது. செங்கமலம் வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க மகராசா. அடுத்த தடவை வர்றப்ப கூரை இருக்கும்" என்றாள். ராஜா சகதிக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டே "இருக்கும்" என்றார். ராஜா வாயால் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி உத்தண்டி வீட்டுக்குப் போய்விடவில்லை. தை மாதம் கடைசி ஓடு வேயும்வரை தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சோறு தின்றான்.

இன்றைக்கும் அந்த நாட்டில் வீடு எண்ண வருகிற கணக்கர் கதவைத் தட்டுவதோடு நிறுத்துவதில்லை. செருப்பை வாசலில் விட்டு, உள்ளே போய், முதலில் மேலே பார்க்கிறார். கையில் குடையிருந்தால் மடக்கி வாசலிலேயே வைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு.